தபால் முத்திரை

என் அத்தைக்கு முதலில் பேசிய சம்பந்தம் ஒரு போஸ்ட் கார்டால் நின்றுபோனது. மாப்பிள்ளை வீடு தொண்டிப் பக்கம். பூ வைத்துவிட்டுப் போய்ப் பத்து நாள்கூட ஆகியிருக்காது. பெண்ணைப் பற்றி நாலே வரி எழுதி, அடியில் பெயர் போடாமல் யாரோ தபாலில் சேர்த்துவிட்டார்கள். மாப்பிள்ளையின் தகப்பனார் அந்தக் கார்டோடு பாம்பனுக்குத் தேடி வந்து, திண்ணையில் வைத்துவிட்டு, தண்ணீர்கூடக் குடிக்காமல் திரும்பிப் போனார். தாத்தா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். முத்திரை எங்கள் ஊர்த் தபாலாபீஸ் முத்திரை. எழுத்தில் ஒவ்வொரு 'க'வுக்கும் ஒரு வால் நீண்டு கிடந்தது. "தெரிஞ்ச கைதான்" என்று மட்டும் சொன்னாராம். கடைசிவரை பெயரைச் சொல்லவில்லை.

இந்த ராமநாதபுரம் மாவட்டக் கடற்கரையில் ஐம்பதைத் தாண்டிய யாரைக் கேட்டாலும் இப்படி ஒரு மொட்டைக் கடுதாசிக் கதை வைத்திருப்பார்கள். ஆங்கிலேயர் காலத்துச் சட்டத்துக்கே இது தெரிந்திருந்தது. 1860-ஆம் ஆண்டு இந்திய தண்டனைச் சட்டத்தின் 507-ஆம் பிரிவு, பெயரை மறைத்து மிரட்டுகிறவனுக்கு, மிரட்டலுக்கான தண்டனைக்கு மேல் இன்னும் இரண்டாண்டு வரை சிறை என்றது. அதற்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவில் அதே சங்கதி 351-ஆம் பிரிவின் 4-ஆம் உட்பிரிவாக இருக்கிறது. ஆக, கைபேசி வந்துதான் மனிதர்கள் முகத்தை மறைக்கக் கற்றுக்கொண்டார்கள் என்பதில்லை. கைபேசி மாற்றியது வேறு ஒன்றை. மொட்டைக் கடுதாசியில் முத்திரை இருந்தது, கையெழுத்தின் வால் இருந்தது. தாத்தாவால் அவற்றைப் படிக்க முடிந்தது. இன்று ஒரு பதினாறு வயதுப் பெண்ணுக்கு வருகிற கடுதாசியில் அவளால் படிக்கக்கூடிய அடையாளம் எதுவுமே இல்லை.

ராமேஸ்வரம், தங்கச்சிமடம், மண்டபம், கீழக்கரை, ஏர்வாடி, தொண்டி என்று எந்த ஊரை எடுத்துக்கொண்டாலும், பள்ளிப் பிள்ளைகளிடம் விசாரித்தால் ஒரு 'கன்ஃபெஷன்ஸ்' பக்கத்தைப் பற்றிச் சொல்வார்கள். பள்ளியின் பெயரோ ஊரின் பெயரோ முன்னால் ஒட்டிய இன்ஸ்டாகிராம் பக்கம். நடத்துகிறவர் யாரென்று தெரியாது. பக்கத்தின் முகப்பில் ஒரு கூகுள் ஃபார்ம் இணைப்பு இருக்கும். யாரும் பெயர் சொல்லாமல் எதையும் எழுதி அனுப்பலாம். நடத்துகிறவர் அதை ஒரு வண்ணப் பட்டையில் ஒட்டிப் பதிவாகப் போடுவார். எழுதியவனைப் பக்கம் நடத்துகிறவனுக்குத் தெரியாது, பக்கம் நடத்துகிறவனைப் படிக்கிறவனுக்குத் தெரியாது. இரட்டைத் திரை.

ஆரம்பத்தில் எல்லாம் இனிப்பாகத்தான் இருக்கும். 'நீலச் சைக்கிள் அண்ணாவை எனக்குப் பிடிக்கும்', 'கணக்கு டீச்சர் சிரிச்சா அழகு'. இனிப்புக்கு லைக் குறைவு. யாரையாவது கலாய்த்தால் கூட்டம் சேர்கிறது. நாளடைவில் பெயர் இல்லாமல் இனிஷியல் மட்டும் வருகிறது: 'ப்ளஸ் ஒன், பி செக்ஷன், பாம்பன் பஸ், மூணாவது சீட்டு'. சென்னையில் இப்படி எழுதினால் யாருக்கும் ஒன்றும் விளங்காது. இங்கே அந்த நாலு சொல் போதும், ஊரே அந்த வீட்டு வாசலில் வந்து நின்றுவிடும். சின்ன ஊர்களில் இந்த இணையக் கொடுமை கூடுதலாகக் கடிப்பதற்கு இதுவே காரணம் என்று நினைக்கிறேன். எழுதுகிறவனுக்கு மட்டும்தான் முகமூடி. எழுதப்படுகிறவளுக்குப் பெயர், தெரு, தகப்பன் போகிற படகு வரை எல்லாமே வெளிச்சத்தில்.

நான் மாலையில் டியூஷன் எடுக்கிறேன். மேலே சொன்ன அந்த நாலு சொல்லும் என் வகுப்பில் படித்த ஒரு பெண்ணைப் பற்றி வந்தவை. முதல் பதிவில் வசை எதுவும் இல்லை. 'கருவாடு' என்று ஒரு சொல், பக்கத்தில் ஒரு மீன் படம், அவ்வளவுதான். அடுத்த வாரம் பள்ளி ஆண்டு விழாக் குழுப்படத்தில் அவள் முகத்தை மட்டும் வெட்டி எடுத்து ஒட்டியிருந்தார்கள். மூன்றாவது வாரம் அவள் வகுப்புக்கு வரவில்லை. அவள் அம்மா வந்தார். "சார், இவ போனைப் பார்த்தாலே அழுவுறா. என்னன்னு கேட்டா சொல்ல மாட்டேங்குறா. அவுக அப்பா கடலுக்குப் போயிருக்காக, வந்தா என்ன சொல்றதுன்னு தெரியல."

அவளைக் கூப்பிட்டுப் பேசினேன். பதிவில் இருந்த வார்த்தைகளை அவள் பெரிதாகச் சொல்லவே இல்லை. "யாருன்னே தெரியலயே சார்" என்பதைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னாள். எந்த சீட்டில் உட்காருகிறாள் என்பது வெளியூர்க்காரனுக்கு எப்படித் தெரியும்? பஸ்ஸில் கூட வருகிறவர்கள், வகுப்பில் இருப்பவர்கள், டியூஷனில் பக்கத்தில் உட்காருபவர்கள் என்று ஒவ்வொருவர் முகத்தையும் பார்த்து 'இவளா, இவனா' என்று யோசித்திருக்கிறாள். மதியச் சாப்பாட்டைப் பங்கு போடுவதை நிறுத்தியிருக்கிறாள். வைகிறவன் ஒருவன்தான். ஆனால் அவன் யாரென்று தெரியாததால் அவளுக்கு வகுப்பே எதிரியாகிவிட்டது.

அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் 2020-ல் 16 வயதுச் சிறுவன் ஒருவன் உயிரை மாய்த்துக்கொண்டான். ஸ்னாப்சாட்டோடு இணைந்து இயங்கிய 'யோலோ' என்ற செயலியில் அவனுக்குப் பெயரில்லாத வசைகள் மாதக்கணக்கில் வந்துகொண்டிருந்தன. அவன் தாய் தொடுத்த வழக்கில் ஒரு விவரம் இருக்கிறது. அவன் கைபேசியில் கடைசியாகத் தேடியது, அனுப்புகிறவர் பெயரைக் கண்டுபிடிக்க வழி உண்டா என்பதைத்தான். கண்டம் வேறு, மொழி வேறு, கேள்வி ஒன்றே. அந்த வழக்கு வந்த 2021 மே மாதத்திலேயே ஸ்னாப்சாட் அந்தச் செயலியைத் தன்னிடமிருந்து துண்டித்தது.

ஆய்வாளர்கள் இதை எப்படிப் பார்க்கிறார்கள் என்று சொல்லிவிடுகிறேன். பள்ளிக் கொடுமைகளை முதன்முதலில் முறையாக ஆராய்ந்த டான் ஓல்வியூஸ், மூன்று அடையாளங்கள் சொன்னார்: வேண்டுமென்றே செய்வது, திரும்பத் திரும்பச் செய்வது, பலத்தில் ஏற்றத்தாழ்வு இருப்பது. மைதானத்தில் தடியன் ஒருவன் நோஞ்சானை அடிப்பதற்கு இது சரியாகப் பொருந்தும். இணையத்தில் கடைசி இரண்டும் உருமாறுகின்றன. ஒருவன் ஒரே தடவை போட்டதை இருநூறு பேர் ஸ்டேட்டஸில் வைத்தால், அடித்தது ஒருமுறை, விழுந்தது இருநூறு அடி. அதேபோல் பலமும் உடம்பில் இல்லை. வகுப்பிலேயே ஒடிசலான, யாரோடும் பேசாத பிள்ளைகூட முகம் தெரியாத வரையில் பலசாலிதான்.

ஜான் சூலர் என்ற உளவியலாளர் 2004-ல் எழுதிய கட்டுரை இன்றும் பேசப்படுகிறது. நேரில் இருந்தால் அடக்கிக்கொள்கிற மனிதர்கள் இணையத்தில் ஏன் கட்டவிழ்ந்து போகிறார்கள் என்பதற்கு அவர் சில காரணங்கள் சொன்னார். பெயர் தெரியாதது ஒன்று. எதிராளி முகம் தெரியாதது இன்னொன்று. எதிரில் இருப்பவள் கண் கலங்கினால் பாதி வார்த்தை வாயிலேயே நிற்கும், திரையில் அந்தக் கண் இல்லை. உடனுக்குடன் பதில் வராதது மூன்றாவது. கல்லை எறிந்துவிட்டு ஓடி ஒளிய நேரம் கிடைக்கிறது. இங்குள்ள பையன்களிடம் கேட்டால் "சும்மா ஓட்டுனோம் சார்" என்பார்கள். பெரும்பாலும் அதைப் பொய்யாகச் சொல்லவில்லை. அவர்கள் பார்த்தது பதிவை மட்டும்தான், அந்தப் பெண் கழிப்பறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டதைப் பார்க்கவில்லை.

எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது 1995-ல் ரைக்கர், ஸ்பியர்ஸ், போஸ்ட்மஸ் என்ற உளவியலாளர்கள் மூவரும் சேர்ந்து வைத்த விளக்கம். பெயரை மறைத்துக்கொண்ட மனிதன் கட்டுப்பாடே இல்லாதவனாகிவிடுவதில்லை. தன் தனி அடையாளத்தைக் கழற்றி வைத்துவிட்டுத் தன் கூட்டத்தின் அடையாளத்தை மாட்டிக்கொள்கிறான் என்றார்கள். நான், நீ என்பது போய் நாங்கள், நீங்கள் என்றாகிறது. ஊருக்கு ஊர், தெருவுக்குத் தெரு, சாதிக்குச் சாதி எல்லை வகுத்து வைத்திருக்கிற ஒரு மாவட்டத்தில் இதற்கு விளக்கம் தேவையில்லை. தனியாக இருக்கும்போது யார் சாதியையும் பேசாத பையன், முகமூடி போட்டதும் அதைத்தான் முதலில் பேசுகிறான். பட்டியல் சாதி, பழங்குடிப் பிள்ளைகளைச் சாதி சொல்லிப் பலரறிய இழிவுபடுத்தினால் 1989-ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் பாயும், கைபேசியில் செய்தாலும்.

இந்தக் கரையில் புழங்குகிற வசைகளைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். கெட்ட வார்த்தைகளை விட்டுவிடுங்கள், அவற்றை இயந்திரமே ஓரளவு பிடித்துவிடும். 'கருவாடு' என்பதை எந்த இயந்திரம் பிடிக்கும்? அதற்கு அது ஒரு சாப்பாட்டுப் பெயர். மீனவர் வீட்டுப் பிள்ளை போட்ட படத்துக்குக் கீழே அதே சொல் வந்தால், உன் மேல் நாறுகிறது, உன் அம்மா கூடை சுமக்கிறாள், நீ எங்களோடு உட்காராதே என்று அர்த்தம். 'பாசி' என்று ஒரு சொல். மன்னார் வளைகுடாத் தீவுகளைச் சுற்றி மூச்சடக்கி மூழ்கிக் கடற்பாசி எடுக்கிற பெண்களின் பிள்ளைகளுக்கு அது பட்டப்பெயர். அந்தப் பெண்களில் ஒருவரான சின்னப்பாலம் லட்சுமிக்கு 2015-ல் சீகாலஜி என்ற பன்னாட்டு விருது கிடைத்தது. அந்தச் சொல்லை வசையாக எழுதுகிற பிள்ளைகளுக்கு இது தெரியுமா?

'கேம்ப்' என்பது இன்னும் கூர்மையானது. இலங்கைப் போருக்குத் தப்பி வந்தவர்கள் வாழும் மண்டபம் முகாமில் பிறந்து, இங்கேயே படித்து, இந்தத் தமிழே பேசுகிற பிள்ளைகளை ஒரே சொல்லில் அன்னியராக்கிவிடுகிறது. 2021-ல் தமிழக அரசு 'அகதிகள் முகாம்' என்ற பெயரையே எடுத்துவிட்டு 'மறுவாழ்வு முகாம்' என்று மாற்றியது. பலகையில் மாறிவிட்டது. கமெண்டில் மாறவில்லை. இந்தச் சொற்களை ஆங்கில எழுத்தில் தமிழாகத் தட்டினால், அதுவும் எழுத்துப் பிசகி, கடற்கரை வழக்கில் தட்டினால், புகார் கொடுத்தபோதும் 'எங்கள் விதிகளை மீறவில்லை' என்றே பதில் வருகிறது. இன்ஸ்டாகிராமில் நாமாகவே சில சொற்களைக் குறித்து வைத்து, அவை உள்ள கமெண்டுகளை மறைக்கிற வசதி உண்டு. இந்த ஊர்ப் பிள்ளைகள் அதில் முதலில் போட வேண்டியது 'கருவாடு', 'கேம்ப்' போன்றவற்றைத்தான். 'ரெஸ்ட்ரிக்ட்' என்று இன்னொன்று இருக்கிறது. பிளாக் செய்தால் அவனுக்குத் தெரிந்துவிடும், அடுத்த ஐடி திறப்பான். ரெஸ்ட்ரிக்ட் செய்தால் அவன் எழுதியது அவன் கண்ணுக்கு மட்டும் தெரியும், மற்றவர்களுக்குத் தெரியாது. கத்திக்கொண்டே இருப்பான், யார் காதிலும் விழாது.

பெயர் மறைப்பதே ஒரு வியாபாரமாகவும் இருந்து வருகிறது. பெயர் சொல்லாமல் எழுதி அனுப்புகிற தளங்களும் செயலிகளும் வரிசையாக வந்தன: 2009-ல் ஃபார்ம்ஸ்பிரிங், 2010-ல் ஆஸ்க் எஃப்எம், பிறகு சவூதியில் பிறந்த சாராஹா. சாராஹா என்றால் அரபியில் ஒளிவுமறைவின்மை. 2017-ல் உலகமெல்லாம் பரவி, வசை தாங்காமல் பெற்றோர் எதிர்த்ததில் 2018 பிப்ரவரியில் ஆப்பிள், கூகுள் இரண்டின் கடைகளிலிருந்தும் வெளியேறியது. பிறகு யோலோ, பிறகு என்ஜிஎல். இந்த என்ஜிஎல் சங்கதியை ஒவ்வொரு பிள்ளைக்கும் சொல்ல வேண்டும். 2024 ஜூலையில் அமெரிக்காவின் மத்திய வர்த்தக ஆணையம் அந்த நிறுவனத்தின் மேல் வைத்த குற்றச்சாட்டு என்ன தெரியுமா? 'உன்னைப் பற்றி எனக்கு ஒன்று தெரியும்' என்ற மாதிரியான செய்திகளை நிறுவனமே தயார் செய்து, நண்பர்கள் அனுப்பியதுபோல் அனுப்பியது. யார் அனுப்பினார்கள் என்ற தவிப்பில் பிள்ளைகள் பணம் கட்டினால் அடையாளம் சொல்வோம் என்று வாரத்துக்கு 9.99 டாலர் வரை வாங்கியது. பணம் கட்டியவர்களுக்குப் பெயர் கிடைக்கவில்லை, உதவாத துப்புகள்தான் கிடைத்தன. 50 லட்சம் டாலர் கட்டவும், 18 வயதுக்குக் கீழ் உள்ளவர்களுக்குச் செயலியைத் தராமலிருக்கவும் ஒப்புக்கொண்டு அந்த நிறுவனம் வழக்கை முடித்துக்கொண்டது. 'யாருன்னே தெரியலயே' என்று என்னிடம் அழுத அந்தப் பெண்ணின் தவிப்பு அவர்களுக்கு விற்பனைச் சரக்கு. இதை நினைத்தால் இப்போதும் எனக்கு உடம்பு எரிகிறது.

இனி வீட்டுக்கு வருவோம்.

சுமார் 237 கிலோமீட்டர் நீளமுள்ள இந்தக் கரையில் தகப்பன்கள் வீட்டில் இருக்கிற நேரம் குறைவு. விசைப்படகுக்காரர் டோக்கன் வாங்கிக்கொண்டு போனால் மறுநாள்தான் கரை, இலங்கைக் கடற்படை பிடித்துவிட்டால் எப்போது என்பது யாருக்கும் தெரியாது. கீழக்கரை, பெரியபட்டினம், பனைக்குளம் பக்கம் வாப்பா சவூதியிலோ துபாயிலோ இருப்பார். அவர்களுக்கும் வீட்டுக்கும் இருக்கிற ஒரே கயிறு அந்தக் கைபேசிதான். புயல் எச்சரிக்கையும் அதில்தான், வீட்டுச் செலவுக்குப் பணம் வந்த செய்தியும் அதில்தான், 2020-ல் பள்ளிகள் மூடியதும் பாடமும் அதில்தான் வந்தது. கடன் வாங்கிக் கைபேசி வாங்கிக் கொடுத்த மீனவர்களை எனக்குத் தெரியும். ஆகவே 'போனைப் பிடுங்கி வை' என்று பட்டணத்து வல்லுநர்கள் சொல்கிற யோசனை இங்கே செல்லாது. ஆனாலும் ஏதாவது நடந்துவிட்டால் முதலில் பிடுங்கப்படுவது பெண்பிள்ளையின் போன்தான். அடுத்துப் படிப்பு. சில வீடுகளில் அதற்கடுத்துக் கல்யாணப் பேச்சு.

பிள்ளைகளுக்கு இது நன்றாகத் தெரியும். அதனால்தான் சொல்வதில்லை. எழுதுகிறவனுக்கும் தெரியும், அவள் சொல்ல மாட்டாள் என்று. ஃபேக் ஐடி பிடிபடாமல் இருப்பதற்குத் தொழில்நுட்பம் கால் பங்கு காரணம் என்றால், அவள் வீட்டுப் பயம் முக்கால் பங்கு என்பேன். ஏனென்றால் அந்த ஐடி எளிதில் கிழியக்கூடிய திரைதான். தாத்தா கார்டில் பார்த்த தபால் முத்திரை இங்கேயும் விழுகிறது. நம் கண்ணுக்குத் தெரிவதில்லை, அவ்வளவுதான். எந்தக் கணக்கையும் திறக்க ஒரு தொலைபேசி எண்ணோ மின்னஞ்சலோ வேண்டும். ஒவ்வொரு முறை உள்ளே நுழையும்போதும், எந்த இணைப்பிலிருந்து வந்தோம் என்று காட்டுகிற ஐபி முகவரியும் நேரமும் நிறுவனத்தின் பதிவேட்டில் ஏறுகின்றன. காவல்துறை சட்டப்படி கேட்டால் நிறுவனம் அதைக் கொடுக்கும். அந்த முகவரியை அந்த நேரத்தில் எந்த சிம் பயன்படுத்தியது என்பதைத் தொலைபேசி நிறுவனம் சொல்லும். சிம்முக்குப் பின்னால் ஒரு அடையாள அட்டை இருக்கிறது. பையன்கள் பெரும்பாலும் அம்மா பெயரில் வாங்கிய சிம்மிலிருந்துதான் இதைச் செய்கிறார்கள் என்பதால், முதலில் போலீஸ் தேடி வருவது ஒன்றும் அறியாத அந்த அம்மாவைத்தான்.

சட்டம் இல்லை என்று பலர் நினைப்பதற்கு ஒரு காரணம் உண்டு. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவை 2015 மார்ச் 24 அன்று ஸ்ரேயா சிங்கல் வழக்கில் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. எரிச்சலூட்டுகிற எதையும் குற்றமாக்கிய பிரிவு அது. அரசியல்வாதியைக் கேலி செய்தவர்களைப் பிடிக்கப் பயன்பட்டது. போனது நல்லது. மற்றவை அப்படியே இருக்கின்றன. இன்னொருவராக நடித்து ஏமாற்றினால் 66டி, அந்தரங்கப் படமெடுத்துப் பரப்பினால் 66இ, இரண்டுக்கும் மூன்றாண்டு வரை சிறை. ஆபாசத்துக்கு 67, அதில் சம்பந்தப்பட்டது குழந்தையானால் 67பி. ஒரு பெண்ணின் இணைய நடமாட்டத்தை விடாமல் கண்காணித்தால் நியாய சன்ஹிதாவின் 78. பதினெட்டு வயதாகாத பிள்ளையைப் பாலியல் நோக்கத்தோடு கைபேசியில் தொடர்ந்து தொல்லை செய்தால் போக்சோ. உருமாற்றிய படங்களையும் ஆள்மாறாட்டக் கணக்குகளையும், பாதிக்கப்பட்டவர் புகார் கொடுத்த 24 மணி நேரத்துக்குள் நிறுவனம் நீக்க வேண்டும் என்று 2021-ஆம் ஆண்டு விதிகள் கெடு வைத்தன. நிர்வாணப் படம் என்று மிரட்டினால் இன்னொரு வழியும் இருக்கிறது. 18 வயதுக்குக் கீழ் இருந்தால் 'டேக் இட் டவுன்', மேலே இருந்தால் 'ஸ்டாப்என்சிஐஐ' என்ற இணையதளங்கள். படத்தை யாருக்கும் அனுப்ப வேண்டியதில்லை. படத்திலிருந்து ஒரு எண் சரத்தை நம் கைபேசியே உண்டாக்கும், அந்த எண் மட்டும் நிறுவனங்களுக்குப் போய் அதே படம் ஏறாமல் தடுக்கும்.

புகார் கொடுக்க ராமேஸ்வரத்திலிருந்து 55 கிலோமீட்டர் பஸ் ஏற வேண்டும் என்பதும் இல்லை. சைபர்கிரைம் டாட் ஜிஓவி டாட் இன் என்ற தளத்தில் வீட்டிலிருந்தே பதியலாம், எந்தக் காவல் நிலையத்திலும் கொடுக்கலாம். மாவட்ட சைபர் கிரைம் காவல் நிலையம் ராமநாதபுரத்தில் இருக்கிறது. குழந்தைகளுக்கு 1098, மனம் உடைந்திருந்தால் இரவு பகல் எந்நேரமும் 14416. பதறிப்போய்ப் பதிவை அழித்துவிடக் கூடாது. பதிவின் இணைப்பு, ஐடியின் சரியான எழுத்துகள், தேதியும் நேரமும் தெரிகிற ஸ்கிரீன்ஷாட் இவற்றை எடுத்து வைத்த பிறகுதான் ரிப்போர்ட் அடிக்க வேண்டும். அழித்துவிட்டால் முத்திரையைச் சுரண்டி எறிந்த கார்டு மாதிரி ஆகிவிடும்.

புகாரைத் தடுக்கிற இன்னொரு பயத்தை இந்தக் கரையில் வாழ்ந்தவர்கள்தான் புரிந்துகொள்ள முடியும். செய்தவன் பெரும்பாலும் சொந்தக்காரப் பையனாகவோ பக்கத்துத் தெருப் பையனாகவோ இருப்பான். "கேஸாயிட்டா பாஸ்போர்ட் கெடைக்காது, அவன் சபுரு (வெளிநாடு) போற வாழ்க்கையே போயிரும்" என்று பெரியவர்கள் வந்து உட்காருவார்கள். ஜமாத்திலோ ஊர்க் கூட்டத்திலோ பேசி, ஒரு மன்னிப்பு, ஒரு போன் உடைப்பு என்று முடித்துவிடுவார்கள். ஆனால் 2015-ஆம் ஆண்டு சிறார் நீதிச் சட்டம் இந்தப் பயத்துக்கு ஏற்கனவே பதில் எழுதி வைத்திருக்கிறது. 18 வயதாகாதவர் செய்த குற்றம் சிறார் நீதிக் குழுமத்துக்குத்தான் போகும். கொடுங்குற்றமாக இல்லாவிட்டால், பெரியவர்கள் யாரும் கூட்டாளியாக இல்லாவிட்டால், எஃப்ஐஆர்கூடப் போடாமல் நாட்குறிப்பில் பதிந்து பையனின் குடும்பச் சூழல் அறிக்கையோடு அனுப்ப வேண்டும் என்பது விதி. தீர்ப்பு எதிராக வந்தாலும் அதனால் பின்னாளில் அவனுக்கு எந்தத் தகுதியிழப்பும் வராது என்கிறது 24-ஆம் பிரிவு. பையனின் எதிர்காலத்தைச் சட்டம் இவ்வளவு நினைத்துப் பார்த்திருக்கிறது. கூட்டத்தில் உட்கார்ந்து பேசுகிற பெரியவர்கள் அந்தப் பெண்ணின் எதிர்காலத்தையும் கொஞ்சம் பேசியிருக்கலாம்.

சரி, எல்லோரும் ஆதாரைக் காட்டித்தான் கணக்குத் திறக்க வேண்டும் என்று ஆக்கிவிட்டால்? தென்கொரியா 2007-ல் அதைச் செய்து பார்த்தது. பெரிய தளங்களில் அடையாள எண் இல்லாமல் கருத்து எழுத முடியாது. வசை பெரிதாகக் குறையவில்லை. 2011-ல் ஒரு நிறுவனத்திலிருந்து சுமார் 3.5 கோடிப் பேரின் விவரங்கள் திருடுபோயின. 2012 ஆகஸ்டில் அந்த நாட்டு அரசியல் சாசன நீதிமன்றம் சட்டத்தையே ரத்து செய்துவிட்டது. பெயர் சொல்லாமல் பேசுகிற உரிமை பிள்ளைகளுக்கும் வேண்டும். நம் அரசுப் பள்ளிகளில் 'மாணவர் மனசு' என்று ஒரு பூட்டிய பெட்டி வைத்திருக்கிறார்கள். தனக்கு நடந்ததைப் பெயர் போடாமல் எழுதிப் போடலாம். அதுவும் மொட்டைக் கடுதாசிதான். பெரியவர் ஒருவர் தொல்லை கொடுத்தால் ஒரு குழந்தைக்கு வேறு வழி எது? கன்ஃபெஷன்ஸ் பக்கத்துக்குப் போகிற கடுதாசி ஊர் பார்க்கப் போகிறது, இந்தப் பெட்டிக்குள் போகிறது பொறுப்புள்ள நாலு பேர் பார்க்கப் போகிறது. பெட்டி எல்லா இடத்திலும் ஒழுங்காகத் திறக்கப்பட வேண்டும், அவ்வளவுதான்.

வேடிக்கை பார்க்கிறவர்களைப் பற்றியும் ஒன்று. கனடாவில் பள்ளி மைதானங்களைப் படமெடுத்து ஆராய்ந்த 2001-ஆம் ஆண்டு ஆய்வு ஒன்றில், பக்கத்தில் நின்ற பிள்ளை குறுக்கே புகுந்தபோது பாதிக்கு மேற்பட்ட தடவை பத்தே நொடியில் கொடுமை நின்றிருக்கிறது. அந்தக் 'கருவாடு' பதிவுக்கு லைக் போட்டவர்களில் பதினொரு பேர் என் வகுப்புப் பிள்ளைகள். அத்தனை பேரையும் உட்கார வைத்துக் கேட்டேன். எழுதியது யாரென்று ஒருவருக்கும் தெரியாது. ஏன் லைக் போட்டாய் என்றதற்கு ஒருவன் சொன்னான், "எல்லாரும் போட்டாங்க சார்." அதில் நாலு பேர் மீனவர் வீட்டுப் பிள்ளைகள்.

அவள் அப்பா கரைக்கு வந்ததும் நானும் அவள் அம்மாவும் சேர்ந்து சொன்னோம். கைபேசியைப் பிடுங்குவார் என்று பயந்துகொண்டிருந்தாள். அவர் அதை வாங்கி, ஒவ்வொரு பதிவாகப் பார்த்துவிட்டு, அவளிடமே திருப்பிக் கொடுத்தார். "யாருன்னு தெரிஞ்சாப் போதும், பாப்பா" என்றார். மறுநாள் கடலுக்குப் போகவில்லை. மூவரும் ராமநாதபுரம் போனார்கள். இரண்டு மாதம் கழித்து அழைப்பு வந்தது. பக்கத்தை நடத்தியவன் பள்ளியில் முன்பு படித்த பையன், வயது 19. அவளைப் பற்றி எழுதி அனுப்பியது பஸ்ஸில் அவளுக்குப் பக்கத்தில், அதே மூணாவது சீட்டில் உட்கார்ந்து வந்தவள்.

"நான் அவகிட்டதான் சார் அழுதேன்" என்றாள் என்னிடம்.

தோழி மேல் நடவடிக்கை வேண்டாம் என்று அப்பா எழுதிக் கொடுத்துவிட்டார். பையன் மேல் வழக்கு நடக்கிறது. பக்கம் போய்விட்டது. அந்தக் குழுப்படம் இன்னும் எத்தனை கைபேசியில் கிடக்கிறதோ. இவள் இப்போது ப்ளஸ் டூ. அரை மணி முந்திப் புறப்படுகிற பஸ்ஸில் வருகிறாள்.